அக்கா பத்திரமாக வைத்திருந்த அழிப்புச் சான்றிதழ்

“டெலீட் பண்ணா திரும்பி வந்துருமாமே. நெஜமா அழிக்கத் தெர்யுமா உனக்கு? இல்ல, சும்மா பட்டன தட்டிகினு படம் காட்டப் போறியா?”

அக்காவின் கணவர் என்னிடம் இப்படிக் கேட்டார். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. ஓர் அறை, ஒரு சமையல் தடுப்பு. அந்த அறையில் அன்று மாமாவும் அவருடைய அண்ணனும் அம்மாவும் அக்காவும் நானும் இருந்தோம். அக்காவின் மூன்று வயது மகள் வாசலில் எங்கள் செருப்புகளுக்குள் காலை விட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அழிக்கச் சொன்னது பதினோரு ஒலிப்பதிவுகளை. அவர் அக்காவை அடித்தபோது அக்காவின் போனில் பதிவானவை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது புரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். அவருக்குக் கையெழுத்து போட மட்டும் தெரியும், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. அப்பா கட்டட வேலை செய்தவர். நான் எட்டாவது படிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அக்கா அதற்கு முன்பே ஐந்தாவதோடு நின்று அம்மாவுடன் பாத்திரம் தேய்க்கப் போனாள். பதினெட்டு வயதானதும் சானடோரியத்தில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பட்டன் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். என் கல்லூரி அந்தப் பட்டன்களில் நடந்தது. அக்கா தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பஸ் போர்டு, மளிகைச் சீட்டு அளவுக்கு. ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது.

எனக்கு சிறுசேரியில் வேலை. கம்பெனிகள் திருப்பித் தரும் பழைய லேப்டாப்புகளில் இருப்பதையெல்லாம், யாராலும் மீட்க முடியாதபடி அழிப்பது எங்கள் பிரிவின் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், டெலீட் பண்ணுவதற்கு ஒரு பட்டதாரியா என்று. அவர்களுக்கு நான் பொறுமையாக விளக்குவேன். சாதாரணமாக டெலீட் செய்தால், நூலகப் பதிவேட்டில் புத்தகத்தின் பெயரை மட்டும் அடித்துவிடுவது போலத்தான். புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கும். தேடத் தெரிந்தவர்கள் எடுத்துவிடுவார்கள். எங்கள் மென்பொருள் அலமாரிக்கே போய், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் எழுதி, அதன் மேல் மறுபடி எழுதி, கடைசியில் வெறும் பூஜ்யங்களை நிரப்பிவிட்டு வரும். அதற்குப் பிறகு நாங்களே இன்னொரு மென்பொருளை வைத்து மீட்டுப் பார்ப்போம். ஒன்றும் வரக் கூடாது. வரவில்லை என்றால் ஒரு சான்றிதழ் தயாராகும். எந்த எந்திரம், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த முறை, அழித்தவர் யார் என்று அதில் இருக்கும். கீழே என் கையெழுத்து. வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்போது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் வழக்கம். மூன்று வருடத்தில் நான் அழித்த ஓர் எந்திரத்திலிருந்து ஒரு வரிகூட மீண்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

பதிவு செய்யச் சொன்னதும் நான்தான். மாமா ஒரு ஐ.டி. கம்பெனி வேன் ஓட்டுகிறார். வீடு ஊரப்பாக்கத்தில். வெளியில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர். அக்கா சொன்னபோது எங்கள் சொந்தத்தில் ஒருவரும் நம்பவில்லை. அதனால் அக்காவுக்குப் போனில் பதிவு செய்யும் இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். பிரிட்ஜ் மேல் பிளாஸ்டிக் பூ ஜாடிக்குப் பின்னால் போனை வைக்கச் சொன்னேன். அவர் தினமும் அக்காவின் போனை வாங்கிப் பார்ப்பார் என்பதால் வாட்ஸ்அப்பில் எதையும் அனுப்பவில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போது கேபிள் போட்டு என் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, போனிலிருந்து தடமே இல்லாமல் அழித்துவிடுவேன். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது. பதிவுகள் இருந்த போல்டருக்கு செமஸ்டர் நோட்ஸ் என்று பெயர் வைத்தேன். ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுத்து வைத்தேன்.

பதினொன்றையும் நான் கேட்டிருக்கிறேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காமல். பத்தில் அடி இருந்தது. பதினொன்றாவதில் ஒன்றுமே இல்லை. அக்கா பயந்து போய் முன்கூட்டியே பதிவை ஆரம்பித்திருக்கிறாள். அன்றைக்கு அவர் வரத் தாமதம். நாற்பது நிமிடம் அக்கா பாப்பாவுக்கு சோறு ஊட்டுகிறாள். ஒரு வாய்க்கு ஒரு கேள்வி கேட்கிறாள் அந்தக் குழந்தை. பல்லிக்கு யார் ஊட்டுவாங்க, பல்லிக்கு அம்மா எங்க போச்சு.

விஷயம் மாமாவுக்குத் தெரிந்தது அம்மாவால். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மாமா போனில் ஏதோ சொல்ல, அம்மா கோபத்தில் எல்லாம் ரெக்கார்டு ஆகியிருக்கிறது, போலீசில் கொடுப்பேன் என்று கத்திவிட்டார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் தன் அண்ணனோடு சமாதானம் பேச வந்தார். இனிமேல் கை வைக்க மாட்டேன் என்றார். அண்ணன் அதற்குச் சாட்சி என்றார். அம்மா அழுதார். பெண் குழந்தைக்கு அப்பா வேண்டும் என்பதை அம்மா அதற்கு முன்பே நூறு முறை சொல்லியிருந்தார். மாமா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பதிவுகளை அவர் கண் எதிரே அழிக்க வேண்டும். அழித்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போவார்.

நான் மாட்டேன் என்றேன். அக்கா என்னைப் பார்த்து, “அழிச்சிடுடி,” என்றாள். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார், படம் காட்டப் போறியா என்று. கூடவே அவருடைய அண்ணனைப் பார்த்து, “தோ, இத்தினி வருசம் அவங்கக்கா துட்டுல படிச்சிகினு கீது. இன்னா கத்துகிச்சுன்னு பாப்பம்,” என்றார்.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் போல்டரைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, தொட்டியையும் காலி செய்துகாட்டிவிட்டு எழுந்திருப்பேன். அவருக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் தெரு முனை தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் மீட்டு எடுத்திருப்பேன். இதை நான் பல முறை யோசித்துவிட்டேன். அந்த அறையில் இருந்தவர்களில் அவரை ஏமாற்றத் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு ஏமாற்றத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது.

என் பையில் ஆபீஸ் மென்பொருள் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க நான் எடுத்துச் செல்லும் பிரதி. வீட்டில் போடக் கூடாது. போட்டேன். லேப்டாப்பை மாமா பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொன்றையும் விளக்கினேன். இது முதல் சுற்று, இது இரண்டாவது, கடைசியில் பூஜ்யம். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஒரு பதிவின் பெயர் மறைந்து அடுத்தது வந்தது. மாமா முன்னால் குனிந்து பார்த்தார். முடிந்ததும் மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். கல்லூரியில் நான் எப்போதோ டெலீட் செய்த பாடங்களும் பழைய போட்டோக்களும் வரிசையாகத் திரும்பி வந்தன. பதிவுகள் ஒன்றும் வரவில்லை. “பாருங்க மாமா, சாதாரணமா அழிச்சது வருது. நான் அழிச்சது வராது,” என்றேன்.

“பலே மச்சினிச்சி,” என்றார் மாமா.

அவருடைய அண்ணன், படித்த பெண் படித்த பெண்தான் என்று தலையை ஆட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கொஞ்சம் விரிந்து. பெருமைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்து எழுந்தபோது, பென் டிரைவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அவருக்கு அது இருப்பதே தெரியாது. “மாமா, இன்னும் ஒண்ணு இருக்கு,” என்று நானே பீரோவைத் திறந்தேன். ஆபீசில் ஒரு பெட்டியில் ஓர் எந்திரம் பாக்கி இருந்தாலும் கணக்கை முடிக்க மாட்டேன். அந்தப் பழக்கம். அதையும் முழுவதுமாக அழித்தேன்.

பிறகு தெரு முனை ஜெராக்ஸ் கடைக்குப் போய்ச் சான்றிதழை இரண்டு பிரதி எடுத்து வந்தேன். கம்பெனியின் பெயர் மேலே, பதினோரு பதிவுகளின் பெயர்கள் தேதியோடு நடுவில், கீழே என் முழுப்பெயர், கையெழுத்து. மாமா தன் பிரதியைப் படிக்காமலே சட்டைப்பையில் செருகிக்கொண்டார். இன்னொன்றை அக்காவிடம் நீட்டினேன். எனக்கு அதில் வேறு நோக்கம் ஒன்றும் இல்லை. அவள் படிக்க வைத்த படிப்பு அதில் இருக்கிறது, அவள் கையில் ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. ஆங்கிலத்தில் இருந்த முதல் இரண்டு வரிகளை வேகமாகப் படித்துக் காட்டினேன். என்ன அர்த்தம் என்று சொல்லவில்லை. “பத்திரமா வச்சுக்கக்கா,” என்றேன், ஆபீசில் சொல்வது போலவே.

அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். நான்காக மடித்து பர்ஸில் வைத்தாள். அன்று மதியமே ஊரப்பாக்கத்துக்குப் போனாள்.

எட்டு மாதம். முதல் இரண்டு மாதம் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். பிறகு போன் குறைந்தது. நான் ஒரு முறை போனபோது மாமா வீட்டிலேயே இருந்தார், பஜ்ஜி வாங்கி வந்து கொடுத்தார், அக்காவை என்னோடு ஐந்து நிமிடம்கூடத் தனியாக விடவில்லை. பாப்பா என் மடியில் வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தாள். பல்லியைப் பற்றிக்கூட.

அக்கா திரும்பி வந்தது ஒரு புதன்கிழமை. ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் யாரோ ஒரு பெண் டிக்கெட் எடுத்துக் கொடுத்து ரயில் ஏற்றிவிட்டிருக்கிறார். நான் வேலை முடிந்து வரும்போது அம்மா அவளுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கழுத்துக்குக் கீழே நான் இங்கே எழுத விரும்பாத ஒரு காயம். குழந்தை இல்லை. அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியபோது குழந்தை உள்ளே இருந்திருக்கிறது. மறுநாளே மாமா தெருவில் சொல்லிவிட்டார். அவளுக்குப் புத்தி சரியில்லை, மாடிப்படியில் தானாக விழுந்தாள், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவிட்டாள். தெருவும் நம்பியது. சத்தம் போட்டுப் பேசாத மனிதர் ஆயிற்றே.

அக்காவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நகை, பாத்திரம், மன்னிப்பு, ஒன்றும். பாப்பா வேண்டும். அதற்காகத்தான் சனிக்கிழமை வக்கீலைப் பார்க்கப் போனோம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அவருடைய ஆபீஸ். நாற்பது வயதுப் பெண், நிதானமாகப் பேசுகிறவர். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். இப்போதைய காயத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, அது உதவும் என்றார். ஆனால் அவர் விழுந்தாள் என்கிறார், இவள் அடித்தார் என்கிறாள். குழந்தை அங்கே இருப்பது ஆபத்து என்று சொல்ல, இது ஒரு நாள் விஷயம் இல்லை என்று காட்டியாக வேண்டும் என்றார். “இதுக்கு முன்னாடி நடந்ததுக்கு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா? போட்டோ, ஆஸ்பத்திரி சீட்டு, எதுவா இருந்தாலும்.”

மூன்று நாளில் முதல் முறையாக அக்கா சிரித்தாள்.

“இருக்கு மேடம். பதினோரு ரெக்கார்டிங் இருக்கு.”

நான் அக்கா என்று ஆரம்பித்தேன். அவள் நல்ல கையால் என் கையை அழுத்தினாள். “இரு, நான் சொல்றேன்.” மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தாள். ஆதார் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து நான்காக மடித்த அந்தக் காகிதத்தை எடுத்தாள். மடிப்பில் கிழியாமல் இருக்க பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டியிருந்தாள்.

“என் தங்கச்சி ஆபீஸ்ல எடுத்து வச்சிருக்கா மேடம். அவரு எதிர்ல அழிக்கற மாதிரி காட்டிட்டா. என் கையில ரசீது குடுத்து பத்திரமா வச்சுக்கன்னு சொன்னா. எட்டு மாசமா அரிசி டப்பாவுக்கு அடியில வச்சிருந்தேன், அவருக்கு அம்படல. அன்னிக்கு அவரு அடிக்க வந்ததுமே இந்தக் கவரத்தான் மொதல்ல இடுப்புல சொருகிக்கிட்டேன். இதக் குடுத்தா எடுத்துடலாம்.”

வக்கீல் வாங்கிப் படித்தார். முழுவதும் படித்தார். படித்துவிட்டு அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா,” என்றார்.

“அது ரசீது இல்லக்கா,” என்றேன். “அழிச்சாச்சுன்னு குடுக்கற சர்டிபிகேட்.”

“சரி. அழிச்ச மாதிரி.”

“மாதிரி இல்லக்கா.”

அக்காவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்குமா என்பது போல. அவள் வாழ்க்கையில் காகிதம் கொடுத்தவர்கள் எல்லாரும், பொருள் தங்களிடம் இருக்கிறது என்பதற்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள். தையல்கடைச் சீட்டு, கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு. கொண்டு போய்க் காட்டினால் திரும்பக் கொடுப்பார்கள். ஒரு பொருள் இனி இல்லவே இல்லை என்பதற்கு ஒருவர் கையெழுத்துப் போட்டு, பத்திரமாக வைத்துக்கொள் என்று எங்கேயாவது கொடுப்பார்களா? அது எங்கள் ஆபீசில் மட்டும் நடக்கும். எனக்கு அது ஒரு விநோதமாகவே அதுவரை தோன்றியதில்லை.

வக்கீல் தண்ணீர் பாட்டிலை அக்கா பக்கம் நகர்த்தினார். திங்கட்கிழமை மறுபடி வரச் சொன்னார்.

தாம்பரம் சுரங்கப்பாதையில் அந்த நேரம் நல்ல கூட்டம். அக்காவின் கட்டுப்போட்ட கை இடிபடாமல் இருக்க நான் அவளுக்கு இடப்பக்கமாக நடந்தேன். பழக்கடைக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மேற்குப் பக்கம் படியேறி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவள் பேசினாள்.

“உன் மேல கோவம் இல்லடி.”

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

“நீ நடிக்கறன்னு நெனச்சேன். அந்தப் பென் டிரைவ நீயா போயி எடுத்தப்போ, அய்யோ, எவ்ளோ நல்லா நடிக்கறா, படிச்சவ படிச்சவதான்னு நெனச்சேன்.” பஸ் ஒன்று வந்து எங்களுக்கு இல்லாத நம்பரோடு போனது. “அதான் தைரியமா அவரு கூடப் போனேன். எது நடந்தாலும் உன்கிட்ட இருக்குதேன்னு.”

அவள் என்னைப் பார்த்த அந்தப் பார்வை பெருமைதான். ஆனால் நான் செய்யாத ஒன்றுக்காக.

திங்களும் செவ்வாயும் லீவு போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அந்தப் பழைய லேப்டாப்பின் முன் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகவில்லை, இரண்டு நாள் தவணை கேட்டேன். எனக்குத் தெரிந்த மென்பொருள் எல்லாவற்றையும் ஓட்டினேன். கல்லூரியில் கூடப் படித்தவன் ஒருவன் கிண்டியில் டேட்டா மீட்கும் கடையில் இருக்கிறான். அவனுக்குப் போன் போட்டேன். எதால் அழித்தாய் என்று கேட்டான். சொன்னேன். “உனக்கே தெரியுமே,” என்றான். தெரியும். ஆனாலும் ஹார்ட் டிஸ்கின் ஒவ்வொரு மூலையையும் திறந்து பார்த்தேன். பதிவுகள் இருந்த இடத்தில் பூஜ்யங்கள். பக்கம் பக்கமாக, வரிசை பிசகாமல். மிக நல்ல வேலை. வேறு யாராவது செய்திருந்தால் ஏதாவது ஒரு துண்டு மிஞ்சியிருக்கும்.

அக்கா என் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய் மதியம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்த சோறு ஊட்டற ரெக்கார்டிங்கு? அதுல அடி ஒண்ணும் இல்லியே. அதையுமா?”

“அதையும்தான்க்கா.”

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். அம்மா அவள் பின்னாலேயே போனார். நான் லேப்டாப்பை மூடினேன்.

புதன்கிழமை வக்கீல் எங்களை உட்கார வைத்து இன்னொரு வழி சொன்னார். பதிவுகள் போனாலும் அவற்றைக் கேட்ட ஆள் இருக்கிறார். ஒவ்வொன்றிலும் என்ன கேட்டேன் என்று நான் பிரமாணப் பத்திரமாக எழுதித் தரலாம். அந்தச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்கலாம். அடிக்காத மனிதர் எதை அழிக்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருந்தார், தேதியோடு பதினோரு பதிவுகள் அழிக்கப்பட்ட காகிதத்தை எதற்காக வாங்கிப் பையில் வைத்தார் என்று கேட்க முடியும். குரலைக் கேட்பதற்கு இது சமம் இல்லை, தங்கைதானே என்பார்கள், நீங்களே அழித்துவிட்டு நீங்களே சொல்கிறீர்களா என்று கூண்டில் நிறுத்திக் கேட்பார்கள் என்றும் சொன்னார். பிறகு காகிதத்தின் மேல்பகுதியில் விரலை வைத்தார். “இது உங்க கம்பெனி பேர்தானே? வீட்டு கம்ப்யூட்டர்ல போட உங்களுக்கு அனுமதி இருந்துச்சா?”

இல்லை என்றேன்.

“அப்போ யோசிச்சு முடிவு பண்ணுங்க.”

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஆனது. நான் எழுதி எழுதி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நாலாவதில் முதலில் டம்ளர் விழும் சத்தம், பிறகு அவர் மெதுவாக, கதவைச் சாத்து என்றார். அக்கா இல்லை என்றாள், கதவைச் சாத்து அஞ்சாவதில், நாலாவதில் டி.வி. சத்தத்தைக் கூட்டு என்றார். திருத்தினேன். ஏழாவதில் எத்தனை அடி என்று எனக்கு ஞாபகம் இல்லை. அக்காவுக்கு இருந்தது. அவள் தன் அழுகையை என் வாயால் கேட்டு, சரி, அப்படித்தான், அடுத்தது என்றாள். அம்மா முதல் பக்கத்திலேயே குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பதினொன்றாவதையும் எழுதினேன். அதில் ஆதாரம் ஒன்றும் இல்லை என்று வக்கீல் எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. தாயும் மகளும் எப்படி இருந்தார்கள் என்பதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்றார். பல்லிக்கு யார் ஊட்டுவாங்க என்பதை அப்படியே விட்டுவிட்டார்.

அதைத் தாக்கல் செய்வதற்கு முன், எங்கள் பிரிவின் மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். கதவை மூடிவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும், அந்தக் காகிதத்தில் கம்பெனி பெயர் இருக்கும் பாகத்தை வெட்டிவிட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியாதே என்றார். எனக்காகத்தான் சொன்னார். வெட்டினால் அது வெறும் தாளாகிவிடும், யார் வேண்டுமானாலும் டைப் அடித்திருக்கலாம் என்பார்கள் என்றேன். அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். மேலிடத்துக்குச் சொல்லாமல் இருக்க முடியாது, விசாரணை முடியும்வரை வர வேண்டாம், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார். எந்திரங்களை அழிக்க எனக்கு இருந்த அனுமதியை அவரே தன் கணினியில் நீக்கினார். நான் எதிரே நின்று பார்த்தேன்.

கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக பஸ்ஸில் வரும்போது அக்காவுக்குப் போன் செய்து, ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு நேராக வக்கீல் ஆபீசுக்கு வரச் சொன்னேன். வேலை என்ன ஆனது என்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்றேன்.

நோட்டரி முன்னால் ஒன்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். முதல் பக்கத்தில், பதிவுகளை அழித்தது நான், யாரும் என்னை வற்புறுத்தவில்லை, எனக்கு அதைச் செய்யத் தெரியும் என்று காட்டுவதற்காகச் செய்தேன் என்று இருக்கிறது. இந்த வரி தேவையா என்று வக்கீல் கேட்டார், எதிர்த்தரப்புக்கு இது அல்வா மாதிரி என்றார். உண்மை அதுதான் என்றேன். குழந்தையை அக்காவிடம் ஒப்படைக்கக் கேட்கும் மனுவோடு அது அன்று மாலையே தாம்பரம் கோர்ட்டில் தாக்கல் ஆகிவிட்டது.